மூலையில் ஒதுங்கிய டிஸ்கஸ்: கொளத்தூர்க் கடையொன்றின் சேவை பற்றி

வீட்டுத் தொட்டியில் வளர்ந்த டிஸ்கஸ் மீன்கள் ஒன்றையொன்று விரட்டி அடிக்கத் தொடங்கியபோது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் ஒன்றரை மாதம் அலைந்துவிட்டு, சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் சென்னை கொளத்தூரில் டிஸ்கஸ் மட்டுமே வளர்த்து விற்கும் ஒரு சிறிய கடைக்குப் போய்ச் சேர்ந்தேன். அதன் பிறகு வந்த பத்து மாதங்களில் அங்கே நான்கு மீன்கள் வாங்கினேன். தொட்டியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு தடுப்பு வாங்கினேன். உரிமையாளரை இரண்டு முறை வீட்டுக்கு அழைத்துத் தொட்டியைக் காட்டினேன். அந்த மூன்றைப் பற்றியும் இங்கே எழுதுகிறேன். கடையின் பெயரை மட்டும் சொல்லவில்லை. உரிமையாளரும் ஓர் உதவியாளருமாக இருவரே நடத்தும் கடை அது. குறைகளையும் மறைக்காமல் எழுத விரும்பியதால், பெயரை விட்டுவிடுவதே முறை என்று பட்டது.

என் தொட்டி நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டு அடி உயரம். விளிம்பு வரை நிரப்பினால் ஏறத்தாழ 340 லிட்டர் பிடிக்கும்; மேலே விடும் இடைவெளியையும் உள்ளே கிடக்கும் மரக்கட்டையையும் கழித்தால் 300 லிட்டர் இருக்கும். அதில் வேறொரு கடையில் வாங்கிய மூன்று டிஸ்கஸ் இருந்தன, மூன்றும் வெவ்வேறு நிற வகை: ரெட் டர்க்காய்ஸ் ஒன்று, லெப்பர்ட் ஒன்று, பிஜியன் பிளட் ஒன்று. அவற்றை விற்றவர், மூன்று போதும், அதற்கு மேல் விட்டால் சண்டை போட்டுக்கொள்ளும் என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அது முற்றிலும் தலைகீழான அறிவுரை என்பது எனக்குப் புரிய இரண்டு மாதங்கள் ஆயின, அதற்குள் ஒரு மீன் பட்டினி கிடந்து மெலிந்துவிட்டது.

முதலில் தீவனம் போடும் நேரத்தில் மட்டும் ரெட் டர்க்காய்ஸ் மற்ற இரண்டையும் முட்டித் தள்ளியது. பிறகு நாள் முழுவதும் விரட்டத் தொடங்கியது. வாயால் விலாவில் இடிக்கும்; வால் துடுப்பைக் கடித்து இழுக்கும்; சில நேரம் அருகில் போகக்கூடச் செய்யாமல் உடலை அகல விரித்துத் திரும்பிக் காட்டும், அதற்கே மற்றது ஓடிவிடும். மூன்றாவது வாரத்தில் பிஜியன் பிளட் பின்பக்க மூலையில், வெப்பமூட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தலையைச் சற்றுத் தாழ்த்தியபடி நின்றுவிட்டது. முன்பு விற்ற கடைக்காரரிடம் சொன்னேன். மூலையில் நிற்பது குடல் நோய் என்று சொல்லி, தண்ணீரில் கரைக்க மெட்ரோனிடசோல் கொடுத்தார். ஒரு வாரம் கரைத்தேன். மருந்து நடந்த அந்த ஒரு வாரமும் அடி நிற்கவில்லை. அடிபடும் மீன் அதே தொட்டியில்தானே இருந்தது.

டிஸ்கஸ் ஏன் இப்படிச் செய்கிறது என்பதைச் சொல்லாமல் கடையின் சேவையை மதிப்பிட முடியாது. பெரும்பாலோர் நினைப்பதுபோல இது அமைதியே உருவான மீன் இல்லை. 1840ஆம் ஆண்டில் ஹெக்கல் என்ற ஆஸ்திரிய விலங்கியலாளர் சிம்பிசோடான் என்று பெயரிட்ட பேரினத்தைச் சேர்ந்த இந்த மீன், அமேசான் ஆற்றுப் படுகையில் ஓட்டம் குறைந்த நீரில், வெள்ளத்தில் மூழ்கிய மரங்களின் கிளைகளுக்கு அடியில் கூட்டமாக வாழ்வது. திலேப்பியாவும் ஏஞ்சலும் ஆஸ்காரும் சேர்ந்த சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. கூட்டத்துக்குள் யார் முதலில் உண்பது, நல்ல இடத்தில் யார் நிற்பது என்ற வரிசை உண்டு. அந்த வரிசையை முட்டியும் விரட்டியும்தான் தீர்மானித்துக்கொள்கின்றன. ஆற்றில் தோற்ற மீன் பத்தடி தள்ளிப் போய்விடும், வென்ற மீனும் அதோடு விட்டுவிடும். நான்கு அடித் தொட்டியில் தோற்ற மீன் எங்கே போகும்? எந்த மூலையில் நின்றாலும் வென்ற மீனின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. தோற்ற பின்னும் போகாமல் நிற்பதால் மேலும் மேலும் அடி வாங்குகிறது. மூன்றே மீன்கள் என்றால் அத்தனை அடியும் ஒன்றின் மேலேயே விழுகிறது. ஆறு, ஏழு என்று இருக்கும்போது விரட்டும் மீனின் கவனம் சிதறுகிறது. ஒன்றைத் துரத்திக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று குறுக்கே வர, எந்த ஒரு மீனும் நாள் முழுவதும் அடி வாங்குவதில்லை.

கொளத்தூரில் தெருவுக்குத் தெரு வண்ண மீன் கடைகள் உண்டு. வீட்டு மாடிகளிலும் கொல்லைப்புறங்களிலும் மீன் குஞ்சு பொரிக்கும் குடும்பங்கள் ஏராளம். நான் போன கடை ஒரு வீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. மணலோ கல்லோ செடியோ இல்லாத, அடித்தளம் வெறுமையான இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் என்னும் பஞ்சு வடிகட்டி ஒன்று. அறை முழுவதும் சூடாக, ஈரமாக இருக்கும். அழகுக்கு அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் எந்தத் தொட்டியின் முன்னால் போய் நின்றாலும் மீன்கள் கண்ணாடியை நோக்கிக் கூட்டமாக வந்தன. டிஸ்கஸ் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆள் வந்ததும் பின்னால் ஒதுங்கும் மீன், கடையிலேயே அடி வாங்கியதாகவோ நோயுற்றதாகவோ இருக்கும்.

அன்று உரிமையாளர் எனக்கு எதையும் விற்கவில்லை. நான் அவரை நம்பியதற்கு முதல் காரணம் அதுதான். மருந்து கேட்டேன், தரவில்லை. புது மீன் கேட்டேன். இப்போது வேண்டாம் என்றார். "தீனி போடுற நேரத்துல பத்து நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வாங்க சார், நீங்க பக்கத்துல நிக்காம எடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். கைப்பேசியைத் தொட்டியின் எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய்விட்டேன். மறுநாள் அந்தக் காணொளியை அவர் இரண்டு முறை முழுமையாகப் பார்த்தார். பத்து நிமிடத்தில் பிஜியன் பிளட் வாங்கிய அடிகளை எண்ணிப் பதினேழு என்றார். லெப்பர்ட் வாங்கியது நான்கு. லெப்பர்ட்டும் தன் பங்குக்குப் பிஜியன் பிளட்டை மூன்று முறை விரட்டியதை அவர் சுட்டிக் காட்டிய பிறகுதான் கவனித்தேன். தினமும் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த என் கண்ணில் அது படவே இல்லை, ஏனென்றால் நான் அருகில் போனதும் எல்லா மீன்களும் தீவனத்தை எதிர்பார்த்து என்னை நோக்கித் திரும்பிவிடும்.

அன்று அவர் சொன்ன இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பயன்பட்டது. டிஸ்கஸ் மீனின் உடலில் மேலிருந்து கீழாக ஒன்பது கறுப்புப் பட்டைகள் உண்டு. மீன் பயந்தாலோ சோர்ந்தாலோ அவை அழுத்தமாகத் தெரியும், தெளிந்தால் மங்கிவிடும். மீனின் மனநிலையை அறிய இதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஆனால் தாய்லாந்தில் உருவாக்கப்பட்ட பிஜியன் பிளட் வகையில் அந்தப் பட்டைகள் தோன்றுவதே இல்லை. அதன் உடலில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள்தான் கூடும். சுற்றுப்புறம் இருட்டாக இருந்தாலும் அவை கூடும் என்பதால் அதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. மூன்று வாரம் என் மீன் துன்பப்பட்டது எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் புரிந்தது. பிஜியன் பிளட் வளர்ப்பவர்கள் பட்டையை எதிர்பார்க்காமல், அது எங்கே நிற்கிறது, தீவனத்துக்கு எத்தனையாவதாக வருகிறது, துடுப்பை விரித்திருக்கிறதா மடக்கியிருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தார். கட்டணம் 700 ரூபாய். ஒன்றரை மணி நேரம் இருந்தார், முதல் அரை மணி நேரம் தொட்டியைத் தொடவே இல்லை, தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தொட்டியின் இரு முனைகளிலும் வெப்பமானியை விட்டுப் பார்த்தபோது, வெப்பமூட்டி இருக்கும் பக்கம் 29 டிகிரியும் எதிர்ப்பக்கம் 27 டிகிரியும் காட்டியது. டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வரை வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் தொட்டியில் அந்த வெப்பம் ஒரு மூலையில் மட்டுமே இருந்தது என்பதும், அடிபட்ட மீன் அந்த மூலையை விட்டு நகராததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதும் எனக்குத் தோன்றவில்லை. வடிகட்டியிலிருந்து தண்ணீர் பீறிட்டு வந்த குழாயைக் கண்ணாடியை நோக்கித் திருப்பி நீரோட்டத்தைத் தணித்தார். நடுவில் கிடந்த பெரிய மரக்கட்டையை ரெட் டர்க்காய்ஸ் தன் வீடாக ஆக்கிக்கொண்டு அங்கிருந்து இருபுறமும் காவல் காத்ததைக் காட்டினார். தீவனத்தை நான் எப்போதும் வலது முனையில் மட்டுமே போட்டு வந்தேன். அந்த இடத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. பாசி தின்பதற்காக விட்டிருந்த சக்கர் மீனை உடனே எடுக்கச் சொன்னார். இரவில் அது டிஸ்கஸின் உடலில் ஒட்டிக்கொண்டு வழவழப்பான சளிப் படலத்தை உறிஞ்சும் என்பதால் பலவீனப்பட்ட மீனோடு அது இருக்கவே கூடாதாம். வண்ண மீன் வாங்கும் எல்லோருக்கும் சக்கரையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் அதை மறுத்துவிட வேண்டும்.

தடுப்பைப் பற்றி இனிச் சொல்கிறேன். அலுவலகக் கூரைகளில் விளக்குக்குக் கீழே பொருத்தும், சதுரச் சதுரமாகக் கட்டம் போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டைத் தொட்டியின் அளவுக்கு வெட்டி, ஓரங்களில் ரப்பர் உறிஞ்சிகள் வைத்துக் கொடுக்கிறார்கள். விலை 650 ரூபாய். அடிபடும் மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றாமல் அதே தண்ணீரில், அதே வெப்பத்தில் வைத்துக்கொண்டு பிரிப்பதுதான் அதன் பயன். மீனைப் பிடித்து வேறு இடத்தில் விடும் அதிர்ச்சி இல்லை. அதோடு அவர் இதை ஒரு சோதனையாகவும் பயன்படுத்தச் சொன்னார். மூலையில் நிற்கும் மீன் தடுப்புக்கு அப்பால் பாதுகாப்பாக இருக்கும்போது தின்னத் தொடங்கினால் அதன் தொல்லை அடி மட்டுமே. நான்கைந்து நாள் கழித்தும் தின்னாமல், எச்சம் வெள்ளை நூலாக நீண்டால் அப்போதுதான் குடல் நோயைச் சந்தேகித்து மருந்துக்குப் போக வேண்டும். என் பிஜியன் பிளட் மூன்றாம் நாள் காலையில் உறைந்த இரத்தப் புழுவில் இரண்டைக் கவ்வியது. ஐந்தாம் நாள் கண்ணாடிக்கு வந்து நின்று கேட்டது. ஒரு வாரம் மருந்து கரைத்த தண்ணீரில் அதை வைத்திருந்தது முற்றிலும் வீண் என்று அன்று தெரிந்ததும் எனக்கு வருத்தமாக இருந்தது.

பொருள் என்ற அளவில் அந்தத் தடுப்பில் குறைகள் உண்டு. 29 டிகிரி வெதுவெதுப்பான நீரில் ரப்பர் உறிஞ்சிகள் நான்கே நாளில் பிடிப்பை இழந்தன. நடு இரவில் தட்டு சாய்ந்து, காலையில் பார்த்தபோது மூன்று மீன்களும் ஒரே பக்கத்தில் இருந்தன. நல்ல வேளையாகப் புதிய காயம் ஏதும் படவில்லை. பிறகு கண்ணாடிக் கடையில் இரண்டு நீளமான பட்டைகளை வெட்டி வாங்கி, சிலிக்கான் வைத்து ஒட்டி, தட்டு அதனுள் இறங்குமாறு செய்துகொண்டேன். இதை அவர்களே முதலில் செய்து கொடுத்திருக்கலாம். வெட்டிய ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் கொடுத்திருந்தார்கள். டிஸ்கஸ் பயந்து பாயும் மீன், கூரான ஓரத்தில் உரசினால் தோல் கிழியும். இன்னொன்று, கட்டங்களின் வழியே மீன்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதால் ரெட் டர்க்காய்ஸ் முதல் இரண்டு நாள் தட்டையே முட்டிக்கொண்டிருந்தது. கீழ்ப்பாதியில் நீலப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி மறைத்து, மூன்று நாள் கழித்து எடுத்த பிறகே அமைதியானது. இந்த யோசனையைக் கேட்டபோது தொலைபேசியில் சொன்னார். விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

பிரித்து வைப்பது தற்காலிகம்தான். அடிபடும் மீனை நிரந்தரமாக எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டதற்கு, அடுத்ததாக லெப்பர்ட் அந்த இடத்துக்கு வரும் என்றார். விரட்டும் மீனைச் சில நாள் தனியே வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், அதுவே புதிதாக வந்ததுபோல் அடங்கியிருக்கும் என்பது பலர் செய்யும் வழி. இரண்டு மூன்று மீன் மட்டும் உள்ள தொட்டியில் அந்த அடக்கம் ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது என்பது அவர் அனுபவம். எனவே ஏழு மீன்களாக ஆக்குவது என்று முடிவாயிற்று. வளர்ந்த மீன் ஒன்றுக்கு 40 லிட்டர் என்பது டிஸ்கஸ் வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. 300 லிட்டரில் ஏழு என்பது அதற்குள் அடங்கும். எட்டாவதாக ஒன்றையும் விற்க அவர் முயலவில்லை.

மீன் தேர்வில் அவர் காட்டிய கவனத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். நான்கும் என்னிடமிருந்த மூன்றில் நடுவாக இருந்த லெப்பர்ட்டின் அளவில், மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும். பிஜியன் பிளட்டைவிடச் சிறியது ஒன்றுகூட வரக்கூடாது, வந்தால் அடி இடம் மாறுமே தவிரத் தீராது என்றார். ஒன்று 900 ரூபாய் வீதம் 3,600 ரூபாய். மீன்களோடு, அவை இருந்த அதே தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றையும் ஈரம் காயாமல் பையில் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பணம் வாங்கவில்லை. அதில் நல்ல பாக்டீரியா ஏற்கெனவே படிந்திருப்பதால், வீட்டில் புதிதாக வைத்த நூறு லிட்டர் டப்பில் முதல் நாளிலிருந்தே தண்ணீர் கெடாமல் இருந்தது. நான்கு வாரம் தனியே வைத்து, மூன்றாவது வாரத்தில் என் பழைய மீன்களில் திடமான ஒன்றை மட்டும் அவற்றோடு விட்டுப் பார்க்கச் சொன்னார். வெவ்வேறு இடத்தில் வளர்ந்த டிஸ்கஸ்களைச் சேர்க்கும்போது, பார்வைக்கு நலமாக இருக்கும் மீனும் மற்றதற்கு நோயைத் தந்துவிடும். அப்படி நேர்ந்தால் தொட்டியே காலியாகாமல் ஒரு மீனோடு போகட்டும் என்பது அந்த ஏற்பாட்டின் நோக்கம். கடினமான முடிவு. லெப்பர்ட்டை அங்கே விட்ட இரவு நான் நிம்மதியாகத் தூங்கவில்லை.

இங்கேதான் கடையின் மேல் எனக்குள்ள பெரிய மனக்குறையும் வருகிறது. நான்கில் ஒன்று, டப்பில் மற்றவற்றோடு பார்த்தபோது, உடலுக்குப் பொருந்தாத பெரிய கண்ணோடு இருந்தது. டிஸ்கஸில் அது வளர்ச்சி குன்றியதற்கு அடையாளம். குஞ்சுப் பருவத்தில் உணவோ நல்ல தண்ணீரோ குறைந்தால் உடல் நின்றுவிடும், கண் மட்டும் வளரும். இருபது வருடம் இதே தொழிலில் இருப்பதாகச் சொல்பவர் அதைக் கவனிக்காமல் கொடுத்தது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. காணொளி அனுப்பியதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார் என்பது உண்மை. ஆனால் புதிய மீன் வந்ததால் தனிமைக் காலத்தை நான் முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் வீணாயிற்று, அதுவரை தடுப்பின் இருபுறமும் மீன்கள் நெருக்கடியில் இருந்தன. அதோடு, கடையில் எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே வலையைப் பயன்படுத்துவதையும் அன்று பார்த்தேன். தனிமைப்படுத்துவதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பவர் தன் கடையில் தொட்டிக்கு ஒரு வலை வைக்காமல் இருப்பது சரியில்லை, நேரிலும் சொல்லியிருக்கிறேன். இரண்டு மீன்களை ஒரே பையில் கட்டிக் கொடுத்ததும் சரியில்லை. அவற்றின் முதுகுத் துடுப்பு முள் பையைத் துளைத்து, வீடு வந்து சேரும்போது ஒரு பையில் பாதித் தண்ணீர்தான் இருந்தது.

ஐப்பசி முதல் வாரத்தில் எல்லாவற்றையும் சேர்த்தோம். அவர் எழுதிக் கொடுத்தபடியே செய்தேன். முதலில் பழைய மீன்களையும் வெளியே எடுத்து ஒரு டப்பில் விட்டு, மரக்கட்டையை இரண்டாக அறுத்து இரு முனைகளிலும் நிறுத்தி, தடுப்பை நீக்கி, பாதித் தண்ணீரை மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு ஏழு மீன்களையும் ஒரே நேரத்தில் விட்டேன். ரெட் டர்க்காய்ஸுக்குக் காவல் காக்க அதன் பழைய வீடு இல்லை. மற்ற ஆறுக்கும் எப்படிப் புதிய இடமோ அதற்கும் அப்படியே. மறுநாள் மதியம் வரை விளக்குப் போடவில்லை. முதல் மூன்று நாள் எல்லோரும் எல்லோரையும் முட்டினார்கள். பார்க்க அச்சமாக இருந்தது, இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தேன். பொறுத்திருக்கச் சொன்னார். எந்த மீனாவது ஒரே இடத்தில் ஒடுங்கி இரண்டு வேளை தின்னாமல் இருந்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்றார். இரண்டாவது வாரத்தில் வரிசை தெளிவாயிற்று. ரெட் டர்க்காய்ஸ்தான் இன்னும் முதலிடம்; பிஜியன் பிளட் ஐந்தாவது இடத்துக்கு ஏறியிருந்தது. முன்பு போலவே பத்து நிமிடக் காணொளி எடுத்து எண்ணினேன். அது வாங்கிய அடி மூன்று, கொடுத்தது இரண்டு.

தீவனம் போடும் முறையையும் அவர் சொன்னபடி மாற்றினேன். ஒரு நாளைக்கு ஒரு முறை நிறையப் போடுவதை விட்டு, மூன்று முறை சிறிது சிறிதாக, ஒரே நேரத்தில் இரு முனைகளிலும் போடுகிறேன். கண்ணாடியில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும் உலர்ந்த புழுக் கட்டிகள் இதற்கு வசதி. ரெட் டர்க்காய்ஸ் ஒரு முனையைக் காத்துக்கொண்டிருக்கும்போது கடைசி இரண்டு மீன்களும் மறுமுனையில் வயிறு நிரப்பிக்கொள்கின்றன. கடையில் விற்கும் உறைந்த இறால் கலவை நன்றாக இருக்கிறது, ஆனால் மீந்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீரைக் கெடுத்துவிடும்.

தை மாதத்தில் சண்டை திரும்ப வந்தது. இம்முறை அதன் தன்மையே வேறு. ரெட் டர்க்காய்ஸும் லெப்பர்ட்டும் சேர்ந்து வடிகட்டிக் குழாயை வாயால் துலக்கிக்கொண்டிருந்தன, ஒன்றின் எதிரே ஒன்று தலை தாழ்த்தி எழுந்தன, உடல் நடுங்கியது, மற்ற ஐந்தையும் இரண்டும் மாறி மாறி விரட்டித் தொட்டியின் இடது முனையில் ஒடுக்கிவிட்டன. மூன்றாம் நாள் குழாயில் முட்டைகள். உரிமையாளர் இரண்டாம் முறை வந்து, இது வரிசைக்கான சண்டை கிடையாது, இணை சேர்ந்த மீன்கள் இடம் காக்கும் சண்டை என்பதால் எண்ணிக்கையைக் கூட்டினாலும் தீராது, இணையைத்தான் பிரித்தெடுக்க வேண்டும் என்றார். டிஸ்கஸ் குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் தாய் தந்தை இரண்டின் உடலிலும் ஊறும் சளியையே தின்று வளர்பவை. மீன்களில் அரிதான அந்தப் பாசம் மற்ற மீன்களின் மேல் மூர்க்கமாக வெளிப்படுவது இயல்பு. ஒன்றரை அடிச் சதுரத் தொட்டி, உள்ளே கூம்பு வடிவ மண் குடுவை, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், வேறொன்றும் வேண்டாம் என்று சொல்லி அடுக்கிக் கொடுத்தார். கூம்பும் ஃபில்டரும் சேர்த்து 400 ரூபாய் ஆனது. இணையைத் தானே எடுத்துக்கொண்டு, பதிலுக்கு இரண்டு மீன் தருவதாகவும் ஒரு யோசனை வைத்தார். இணை சேர்ந்து முட்டையிட்ட டிஸ்கஸ்களின் விலை தனி மீன்களின் விலையைவிடப் பல மடங்கு என்பதை அவர் எனக்குச் சொல்லவில்லை. நானே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மறுத்ததும் அவர் வற்புறுத்தவில்லை என்றாலும், அதைச் சொல்லியிருந்தால் அவர் மேல் எனக்கிருந்த மதிப்பு இன்னும் கூடியிருக்கும்.

இணை தனியே போன பிறகு பெரிய தொட்டியில் ஐந்து மீன்கள் இருக்கின்றன. வரிசை ஒரு வாரத்துக்குக் கலைந்து, மீண்டும் அமைந்தது. பிஜியன் பிளட் இப்போது இரண்டாவது இடம். ஐந்தரை அங்குலம் வளர்ந்துவிட்டது. இணை இரண்டு முறை முட்டையிட்டுத் தின்றுவிட்டது, மூன்றாம் முறை முப்பது குஞ்சுகள் வரை தாயின் விலாவில் ஒட்டி மேய்ந்ததைப் பார்த்தேன்.

எல்லோருக்கும் இந்தக் கடை பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ரசீது கிடையாது. ஞாயிறன்று தொலைபேசி எடுக்க மாட்டார்கள். தினமும் பாதித் தண்ணீர் மாற்றச் சொல்வது, கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் எங்கள் தெருவுக்கு நடவாத காரியம். அதைச் சொன்ன பிறகுதான் வாரம் மூன்று முறை, மூன்றில் ஒரு பங்கு என்று குறைத்துக்கொண்டார். செடிகள் வைத்த அழகுத் தொட்டி வேண்டுவோருக்கு அங்கே உதவி கிடைக்காது. ஆனால் மூலையில் நிற்கும் டிஸ்கஸுக்கு மருந்து கொடுப்பதற்கு முன்னால் அதை யார் அடிக்கிறார்கள் என்று பார்க்கும் கடைக்காரரை நான் இதுவரை வேறெங்கும் காணவில்லை. அவரைப் போன்ற ஒருவரைத் தேடிப் போகிறவர்கள் தொட்டியின் நீள அகல உயரம், இரு முனைகளிலும் பார்த்த வெப்பநிலை, மீன்களின் எண்ணிக்கையும் அளவும், தீவன நேரத்தில் ஆள் அருகில் இல்லாமல் எடுத்த பத்து நிமிடக் காணொளி ஆகியவற்றோடு போக வேண்டும். வீட்டுக்கு வருவதற்கான கட்டணம் சித்திரையிலிருந்து 900 ரூபாய் ஆகியிருக்கிறது. வார நாட்களில் மாலை நான்கு மணிக்குப் பிறகுதான் வருகிறார்.